கம்பிக்காய்

பெரம்பலூர்
24.01.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

மணிவேல் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீயும் உன் அம்மாவும் தம்பி மணிமாறனும் அவன் மனைவி வளர்மதியும் நலம் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்குப் போன் போட்டுப் போட்டு என் விரல் தேய்ந்துவிட்டது. நேற்று உன் தம்பிதான் எடுத்தான். "அக்கா பேச மாட்டேங்குது மாமா. எழுதினா படிக்கிறேங்குது" என்றான். பக்கத்து மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, கையில் போனையும் வைத்துக்கொண்டு, கடிதம் கேட்கிற பெண்டாட்டி எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால்கூட உனக்கு நான் எழுதியதில்லை. தொழிற்சாலை ஸ்டோரில் நட்டு போல்ட்டு இருப்பு எழுதுகிறவனுக்கு இதெல்லாம் எங்கே வரும். வந்தவரை எழுதுகிறேன்.

கரைவெட்டிக்கு நானும் வருகிறேன் என்று கேட்டது நீ. "எப்பப் பாரு தனியாவே போறீங்க, அந்தப் பறவைங்கள நானும்தான் பாக்குறனே" என்றாய். சந்தோஷமாகத்தான் கூட்டிப்போனேன். இருட்டோடு கிளம்பி, அரியலூரில் டீ குடித்து, பனி விலகுவதற்குள் ஏரிக்கரைக்குப் போய்விட்டோம். சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம், ராத்திரி தா.பழூரில் உன் அம்மா வீடு, மறுநாள் திரும்புவது என்று எவ்வளவு ஆசையாகத் திட்டம் போட்டிருந்தேன்.

வரித்தலை வாத்துக்காக நான் வருஷம் பூராவும் காத்திருப்பது உனக்குத் தெரியும். இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற பறவை. டீக்கடையிலேயே உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், சத்தம் மட்டும் போடாதே என்று. கரையிலிருந்து கீழே இறக்கி, கோரை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு உன்னை உள்ளேயே இருக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. அந்தப் பக்கம் முழுக்கச் சதுப்பு. பாம்பு இருக்கும். தெரியாத ஊர். "பத்திரமா இரு" என்று சொல்லித்தானே பூட்டினேன்?

நீ ஹாரனை அழுத்தினாய். ஏரி மொத்தமும் எழுந்து போய்விட்டது. நான் அந்த வாத்துகளின் முதுகைத்தான் பார்த்தேன்.

கோபத்தில் ரெண்டு வார்த்தை சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காகச் சேறு படிந்த புடவையோடு ஒருத்தி ரோட்டுக்கு ஏறிப் போய், வந்த பஸ்ஸில் ஏறி, அம்மா வீட்டுக்குப் போவாளா? டிராக்டர் வைத்து வண்டியை எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சாவி கிடைக்கவே இல்லை, அந்தச் சேற்றோடு போயிற்று. வீட்டுச் சாவியும் அதே வளையத்தில்தானே இருந்தது. வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு மணிவண்ணனைக் கூப்பிட்டுக் கம்பிக் கதவின் பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனேன். புதுப் பூட்டு போட்டாயிற்று. வண்டிக்குக் கண்ணாடியும் மாற்றியாயிற்று. குரும்பலூரிலிருந்து அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன், சமையலுக்கு.

கோபமெல்லாம் போதும். அடுத்த வாரம் சனிக்கிழமை வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன்.

மணிவேல்


தா.பழூர்
29.01.2025

என்னங்க,

கடிதம் கிடைத்தது. சனிக்கிழமை வராதீர்கள். வந்தால் கொல்லைப்புறமாகக் கிளம்பி வயலுக்குப் போய்விடுவேன். பிறகு உங்களுக்கும் அவமானம், அம்மாவுக்கும் அவமானம்.

ஏன் போன் எடுக்கவில்லை என்று கேட்காமலே கோபப்பட்டிருக்கிறீர்கள். எடுத்தால் நீங்கள் பேசுவீர்கள். நான் நடுவில் வாயைத் திறந்தால் உங்கள் குரல் ஒரு படி மேலே ஏறும். நான் "சரிங்க" என்று சொல்லிவிடுவேன். பதினொரு வருஷத்தில் நான் சொன்ன சரிங்க எல்லாம் அப்படிச் சொன்னதுதான். காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதற்காகத்தான் எழுதச் சொன்னேன்.

கண்ணாடி மாற்றியாயிற்று என்று ஒரு வரியில் பூசி மெழுகிவிட்டீர்கள். அது எப்படி உடைந்தது என்று எழுதவில்லையே. கல் தானாக வந்து விழுந்ததா?

உங்களுக்கு மறந்திருக்காது. இருந்தாலும் நான் எழுதுகிறேன், ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும் எனக்கு.

நீங்கள் ரிமோட்டை அமுக்கிவிட்டுப் போனீர்கள். பழைய ஓனர் தன் பிள்ளைகளுக்காகப் போட்டுவைத்த பூட்டு அது, வெளியே பூட்டினால் உள்ளேயிருந்து கதவும் திறக்காது, கண்ணாடியும் இறங்காது. அது உங்களுக்கும் தெரியும். நீங்கள் போய் வெகுநேரம் கழித்து என் பக்கம் வண்டி சாய ஆரம்பித்தது. மேலே காய்ந்த மண் போலத்தான் இருந்தது, அடியில் களி. செருப்புக்குள் தண்ணீர் வந்தது. முதலில் தண்ணீர் பாட்டில் கொட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு கணுக்காலுக்கு வந்தது.

ஹாரன் அடித்தேன். நீங்கள் தூரத்தில் திரும்பிப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள்? வாய்மேல் விரலை வைத்துக் காட்டினீர்கள். சத்தம் போடாதே என்று. நான் கையை எடுக்கவே இல்லை. அப்புறம்தான் ஓடி வந்தீர்கள். வந்து சட்டைப்பையைத் தடவினீர்கள், சாவி இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று "எல்லாம் போச்சு, ஒனக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா" என்று கத்தினீர்கள். கத்திவிட்டுச் சாவி தேடத் திரும்பிப் போய்விட்டீர்கள். குனிந்து குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டு போனதை நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாட்டுக்குப் புல் அறுக்க வந்த அம்மாதான் ஓடி வந்தார். செங்கமலம் என்று பெயர், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. "மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்க தங்கம்" என்று சொல்லிக் கரையில் கிடந்த கல்லை எடுத்துப் பின்கண்ணாடியில் போட்டார். கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார். நான் கரையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் திரும்பி வந்தீர்கள். வந்து முதலில் என்ன கேட்டீர்கள் தெரியுமா?

"கண்ணாடிய ஏம்மா ஒடச்ச?"

அந்த அம்மா உங்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு மேல் அங்கே நிற்கக் கூசியது. அதனால் பஸ் ஏறினேன்.

ஜெயசித்ரா


பெரம்பலூர்
03.02.2025

அன்புள்ள சித்ரா,

நீ எழுதியிருப்பதைப் படித்தால் நான் என்னவோ உன்னைத் தண்ணீரில் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தவன் மாதிரி இருக்கிறது. சாவி கிடைத்தால் உடனே திறந்துவிடலாம் என்றுதானே தேடினேன்? கண்ணாடியை உடைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அது நிஜம். ஸ்டோரில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவன், பூட்டியிருந்தால் சாவி தேடுவேன், உடைக்கத் தெரியாது. கண்ணாடி பற்றிக் கேட்டது தப்புதான். பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது.

ஆனால் வண்டியைப் பூட்டியதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னமும் புரியவில்லை. உன் பாதுகாப்புக்குத்தானே? வீட்டிலும் அப்படித்தான். நம் தெருவில் தனியாக இருந்த டீச்சரம்மாவைத் தள்ளிவிட்டுச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்களே, அதற்குப் பிறகுதானே நான் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்ட ஆரம்பித்தேன்? அப்போது நீயும் சரிங்க என்றுதான் சொன்னாய். வேண்டாம் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கிறாயா? எங்கே போக வேண்டும் என்று முதல் நாளே சொன்னால் நான் கூட்டிப்போகாமல் இருந்திருக்கிறேனா? சிறுவாச்சூர் கோவிலுக்கு, துணிக்கடைக்கு, டாக்டரிடம், எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறேன்.

போகட்டும். இப்போது ஒரு முடிவு செய்திருக்கிறேன். புதுப் பூட்டுக்கு ரெண்டு சாவி. ஒன்று அம்மாவிடம் இருக்கிறது. இன்னொன்று என் ஆபீஸ் மேஜையில் இருந்தது. கடைக்குப் போய் மூன்றாவதாக ஒன்று வெட்டி வாங்கி, பஞ்சில் சுற்றி இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். இது உனக்கு. இனி நீயும் ஒரு சாவி வைத்துக்கொள். இதற்கு மேல் நான் என்ன செய்ய?

அம்மா பூசணிக்காய்க் கூட்டும் சுரைக்காய் அடையும் செய்து போட்டாள். உன் கையால் வருஷக்கணக்காக முருங்கைக்காயும் வெண்டைக்காயும் பீன்ஸும் தின்று என் நாக்கு செத்துக் கிடந்தது. சிரிப்புக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த முருங்கைக்காய்க் குழம்புக்காகவாவது வந்துவிடு.

மணிவேல்


தா.பழூர்
08.02.2025

என்னங்க,

சாவியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் பஞ்சிலேயே சுற்றி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பூட்டு தொங்குவது கம்பிக் கதவுக்கு வெளியே. நான் இருப்பது உள்ளே. சாவியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பூட்டைச் சுற்றித் தகடு, அதற்கு மேலே கம்பி வழியாகக் கையை விட்டால் முழங்கைக்கு மேல் போகாது. பூட்டு எட்டாது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

ஒரு நாள் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டீர்கள். ஒரு வாரத்துக்கு என்றுதான் ஆரம்பித்தீர்கள். ஒரு வாரம்தானே என்று சரி சொன்னேன். அது முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை குட்டி இருந்திருந்தால் பள்ளிக்கூடம் விட, கூட்டி வர என்று கதவு திறந்திருக்கும். நமக்கு அதுவும் இல்லை. தினமும் காலையில் நீங்கள் பூட்டிவிட்டு, ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "பத்திரம்" என்று சொல்லுவீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது மூச்சு முட்டுகிறது. கரைவெட்டியில் காருக்கு வெளியே நின்று நீங்கள் அதைச் சொன்னபோது, வீட்டைத்தான் இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று தோன்றியது.

இங்கே ரொம்ப நன்றாக இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இங்கே பூட்டு இல்லை, அதற்குப் பதில் ஆள் இருக்கிறது. வாசலுக்குப் போனால் "உள்ள வா, போறவ வர்றவல்லாம் கேக்குறா" என்கிறாள் அம்மா. கடைக்குக் கிளம்பினால் வளர்மதி தன் பெண்ணைத் துணைக்கு அனுப்புகிறாள். "மாமா வந்து கூப்புட்டாத்தான் போவணும், நீயா போனா நமக்கு மரியாத இல்ல" என்று தம்பி சட்டம் போட்டிருக்கிறான். அங்கே இருந்தால் உங்கள் பத்திரம், இங்கே இருந்தால் இவர்கள் மரியாதை. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதாக இல்லை.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் உங்கள் வாத்துகளின் முதுகைத்தான் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். நான் முகத்தைப் பார்த்தேன்.

நீங்கள் கோரைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது அவை வண்டிக்கு முன்னால் வந்து இறங்கின. நடந்து நடந்து புல்லை மேய்ந்துகொண்டு பக்கத்திலேயே வந்துவிட்டன. வெள்ளைத் தலை, பின்னந்தலையில் ரெண்டு கருப்புக் கோடு, மஞ்சள் கால். உங்கள் புத்தகத்தில் எத்தனை தடவை காட்டியிருக்கிறீர்கள், பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒன்று தலையை நிமிர்த்திக் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தது. அப்போதே என் காலில் தண்ணீர் ஏறிவிட்டது. ஹாரன் மேல் கையை வைத்துக்கொண்டு அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். இவர் வருஷம் பூராவும் காத்திருந்தது இதற்குத்தானே, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடட்டும் என்று இருந்தேன். கணுக்கால் நனைகிற வரைக்கும் உங்களுக்காகத்தான் இருந்தேன்.

நீங்கள் திரும்பவே இல்லை.

ஜெயசித்ரா


பெரம்பலூர்
15.02.2025

சித்ரா,

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அந்த வாத்து விஷயம்தான் காரணம். புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, வண்டிக்குள் அசையாமல் இருந்தால் பறவை கிட்டே வரும் என்று. படித்தவன் நான். இறங்கிப் போனவனும் நான்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ரெண்டு நாளாக எனக்குக் காய்ச்சல். நேற்று லீவு போட்டுவிட்டு மாத்திரை தின்று படுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை, அம்மா சிறுவாச்சூருக்குக் காளியைக் கும்பிடப் போனாள். நான் எழுந்து வந்து பார்த்தால் கம்பிக் கதவில் வெளியே பூட்டு. சாவி ஒன்று அம்மா இடுப்பில், ஒன்று என் ஆபீஸ் மேஜையில், நீ திருப்பி அனுப்பியது வண்டிக்குள், வண்டி வெளியே. அம்மாவுக்குப் போன் போட்டால் சமையலறையில் மணி அடிக்கிறது. வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் வேர்த்தது. ஒன்றும் அவசர வேலை இல்லை எனக்கு, வெளியே போக வேண்டியதும் இல்லை. ஆனாலும் ஹாலுக்கும் கம்பிக் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். போய்ப் போய்ப் பூட்டைப் பார்த்தேன். கையை விட்டுப் பார்த்தேன், நீ சொன்னது சரிதான், முழங்கையோடு நின்றுவிட்டது. கையை இழுக்கும்போதுதான் கவனித்தேன். கதவு முழுக்கப் பச்சைப் பெயிண்ட் நன்றாக இருக்கிறது. பூட்டுத் தகட்டுக்கு மேலே, உன் தோள் உயரத்தில், ரெண்டு கம்பியில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து வெறும் இரும்பு தெரிகிறது. தினமும் அந்தப் பூட்டைத்தான் இழுத்துப் பார்த்திருக்கிறேன். கம்பியைப் பார்த்ததில்லை.

பதினோரு மணி வாக்கில் மொபெட்டில் காய்காரர் வந்தார், வீரமுத்து. நான் இருப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"யக்கா இல்லீங்களா சார்? ரொம்ப நாளாக் காணும். கம்பிக்காயாப் பொறுக்கி வச்சிருக்கேன்."

"கம்பிக்காயா? அது என்ன காய்?"

"கம்பியில நுழையுற காய் சார். முருங்கை, வெண்டை, பீன்சு, அவரை, பிஞ்சுக் கத்திரி. யக்கா வச்ச பேருதான். சொரைக்காயும் கோசும் அந்தக் கம்பியில எங்க நுழையுது."

கம்பி வழியாக ரெண்டு முருங்கைக்காயை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் சித்ரா. என் நாக்கு செத்துப்போயிற்று என்று உனக்கு எழுதியிருந்தேனே. சிரிப்புக்கு என்று வேறு எழுதியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் என்ன மனுஷன்.

சாயங்காலம் அம்மா வந்து திறந்தாள். "ஏம்மா உள்ள ஆள் இருக்கறப்ப பூட்டிட்டுப் போன?" என்று கத்தினேன். "நீதானடா சொல்லுவ, இந்த வூட்டுல போறவங்க பூட்டிட்டுத்தான் போவணும்னு" என்றாள்.

மணிவேல்


தா.பழூர்
20.02.2025

என்னங்க,

காய்ச்சல் விட்டதா? நிலவேம்பு அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது, பித்தளை டப்பாவுக்குப் பின்னால்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பொய் சொல்லவில்லை. உங்களுக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்றுதான் தெரியவில்லை.

கம்பிக்காய் என்று சிரிப்பாகத்தான் பெயர் வைத்தேன். ஒரு நாள் வீரமுத்து பரங்கிக்கீற்றை ஒல்லியாக நறுக்கி நீட்டினார். "பாருங்க யக்கா, பரங்கியையும் கம்பிக்காய் ஆக்கிட்டேன்" என்றார். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் போன பிறகு அந்தக் கீற்றை எனக்குச் சமைக்கப் பிடிக்கவில்லை. குப்பையில் போட்டுவிட்டேன்.

நீங்கள் ஒரு நாள் இருந்துவிட்டீர்கள். அதுவும் காய்ச்சலோடு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் இருந்தவருக்குச் சாயங்காலம் கதவு திறந்ததும் கத்தத் தோன்றியது, கத்தினீர்கள். அத்தையும் பதில் சொல்லிவிட்டார்கள். நான் சாயங்காலம் கதவு திறந்ததும் காப்பி போட்டேன்.

அங்கே வர எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. இங்கே தம்பி வீட்டில் எத்தனை நாள் சோற்றுக்கு உட்காருவது. ஆனால் திரும்ப உள்ளே வந்து, பழையபடி ஒரு நாள் அந்தப் பூட்டுச் சத்தம் கேட்டால் நான் தாங்க மாட்டேன். இந்தத் தடவை கரைக்கு இழுத்துப் போட செங்கமலம் வர மாட்டார். அந்தப் பயம்தான் எனக்கு, வேறொன்றும் இல்லை.

பூட்டை வீச வேண்டாம். வீடு காலியாக இருந்தால் பூட்டத்தான் வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே பூட்டு விழக் கூடாது. அத்தை இருந்தாலும் சரி, நான் இருந்தாலும் சரி. இதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜெயசித்ரா


பெரம்பலூர்
26.02.2025

அன்புள்ள சித்ரா,

நிலவேம்பு கிடைத்தது. குடித்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது.

பூட்டைக் கழற்றிக் கம்பிக் கதவுக்கு உள்பக்கச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். சாவியும் அதிலேயே. உள்ளே இருப்பவர் வேண்டுமானால் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். இன்று காலை வேலைக்குப் போகும்போது கதவைச் சாத்திவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். பழக்கத்தில் கை இழுத்துப் பார்க்கத் துடித்தது. இழுக்க ஒன்றும் இல்லை. அப்படியே போய்விட்டேன். மத்தியானம் வரைக்கும் வேலை ஓடவில்லை, அம்மா தனியாக இருக்கிறாளே என்று. இதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஆம்பள இல்லாத நேரத்துல தொறந்து போட்டுட்டுப் போறியே, எவனாச்சும் வந்தா?" என்கிறாள். "வந்தா சத்தம் போடும்மா" என்றேன். சொன்னதும் எனக்கே சுருக்கென்றது. சத்தம் போடாதே என்று உனக்கு விரலைக் காட்டினவன் நான்தானே.

எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். கேட்கவில்லை. நீ இல்லாமல் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

மணிவேல்


பெரம்பலூர்
05.03.2025

என்னங்க,

மேலே போட்டிருக்கும் ஊர்ப்பெயர் சரிதான், தவறுதலாக எழுதவில்லை. நம் வீட்டுச் சமையலறையில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் ஸ்டோரில் இருப்பீர்கள்.

காலையில் தம்பியிடம் "பெரம்பலூர் போயிட்டு வரேன்" என்றேன். "மாமா வரலியே, யாரு கூப்புட வந்தா?" என்றான். "யாரும் வரல, நான் போறேன்" என்றேன். துணைக்கு வளர்மதி தன் பெண்ணை அனுப்பப் பார்த்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். அம்மா கொல்லையில் காய்த்த பரங்கிக்காயைப் பறித்து மடியில் வைத்தாள். பெரிய காய். அரியலூரில் பஸ் மாறும்போது கண்டக்டர் "இதுக்கும் ஒரு டிக்கெட் போடவாம்மா?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டு வந்தால் நீங்கள் திறந்துவைத்திருப்பீர்கள். சொல்லாமல் வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் வந்தேன். நம் தெருவில் திரும்பினேன். பூட்டு தொங்கினால் அப்படியே திரும்பிவிடுவது, இனி எழுதுவதும் இல்லை என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். பூட்டு இல்லை. தாழ்ப்பாளும் போடவில்லை. தள்ளினேன், திறந்தது. வாசலில் நின்றபடி அந்தக் கதவை நாலைந்து தடவை திறந்து திறந்து மூடினேன். மணிவண்ணன் அண்ணன் வீட்டம்மா ஜன்னலில் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ.

அத்தை கட்டிலில் அயர்ந்து தூங்குகிறார்கள். எழுப்பவில்லை. வீட்டைச் சுற்றி வந்தேன். தண்ணீர் குடித்தேன். அந்த ரெண்டு கம்பிக்கும் நீங்கள் பெயிண்ட் அடித்திருப்பீர்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. நல்லது, அடிக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்.

பரங்கிக்காயை மேடையில் வைத்திருக்கிறேன், இந்தக் காகிதம் அதற்கு அடியில். கம்பியில் நுழையாத காய், வாசல் வழியாக வந்திருக்கிறது. கூட்டு வைக்கச் சொல்லுங்கள்.

நான் இப்போது திரும்பிப் போகிறேன். கோபத்தில் இல்லை. வந்தேன், உட்கார்ந்தேன், எழுந்து போகிறேன். இந்த வீட்டில் நான் இதைச் செய்ததே இல்லை. ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கரைவெட்டிக்குப் போகிறேன், பஸ்ஸில், தனியாக. வாத்துகள் வடக்கே கிளம்புகிற காலம், அதற்குள் ஒரு தடவை கரையில் நின்று பார்க்க வேண்டும். செங்கமலம் அம்மாவையும் பார்க்க வேண்டும். நீங்களும் வரலாம். காரில் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். அன்று சாயங்காலம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் தா.பழூர் பஸ்ஸும் நிற்கும், பெரம்பலூர் பஸ்ஸும் நிற்கும். எதில் ஏறுவது என்று அங்கே வந்து நான் முடிவு செய்கிறேன். இது ஏற வேண்டும், அது ஏற வேண்டாம் என்று நீங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது.

போகிறவர்கள் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று இந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அத்தை இன்னும் எழுந்திருக்கவில்லை. பூட்டு ஆணியில் தொங்குகிறது, சாவியும் அதிலேயே இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தேன், கனமாகத்தான் இருக்கிறது. திரும்ப மாட்டிவிட்டேன்.

கதவைச் சாத்திவிட்டுப் போகிறேன். பூட்டவில்லை.

ஜெயசித்ரா